வாயில் வந்த ரத்தமும் நான் கூட்டிய கூட்டமும்

தலைமை ஏற்று, கைக்கடிகாரத்தைக் கழற்றி என் கண்ணில் படும்படி மேசைமேல் வைத்திருக்கும் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஐயா ஜெயகரன் அவர்களே! ஈறு என்று ஒன்று இருப்பதையே மறந்துபோன இந்த ஊருக்கு அதை நினைவூட்டிய பல் மருத்துவர், அறிவுக்கும் அடக்கத்துக்கும் உரிய தாரா அவர்களே! அவருக்குத் துணையாய், தோளாய், எங்களுக்குச் சில நேரம் தலைவலியாய் நிற்கும் உதவியாளர், எனக்கு மகள் முறையான லதா அவர்களே! தங்கச் சுரங்கத்து இரும்புக் கூண்டில் இறங்கி, இருட்டில் உழைத்து, இன்றும் நிமிர்ந்து நிற்கும் என் ஷிஃப்ட் தோழர்களே! விடியுமுன் விழித்து, விரைந்து ரயிலேறி, பெங்களூர் போய் உழைத்து வீட்டைத் தூக்கி நிறுத்திய தாய்மார்களே! நாற்காலி கொடுத்து, நாற்காலிக்கொரு தேநீரும் கொடுத்த ஆண்டர்சன்பேட்டைக் கடைக்காரத் தம்பி உமேஷ் அவர்களே! கைபேசியைப் பார்த்துக்கொண்டே கைதட்டக் காத்திருக்கும் இளஞ்சிங்கங்களே! உங்கள் அனைவர் முன்பும் இந்தச் சின்னப்பா கைகூப்பி, தலை தாழ்த்தி, என் மாலை வணக்கத்தை வைக்கிறேன்!

என்ன அங்கே, மூன்றாவது வரிசையில்? "இதுக்கே அஞ்சு நிமிஷம் ஆயிடுச்சி" என்கிறாரா? ஆகட்டுமே! நாற்பது ஆண்டுகளாகத் தொழிற்சங்க மேடையில் வளர்ந்த நாக்கு இது. வளர்த்தவர்கள் நீங்கள். இப்போது வருந்தி என்ன பயன்?

இன்று எதற்கு விழா? வெற்றிக்கு விழா! எந்த வெற்றி? தேர்தல் வெற்றியா? இல்லை. வழக்கு வெற்றியா? இல்லை. ஓராண்டில் நூற்றுப் பன்னிரண்டு பேர், முற்றிப்போன ஈறு நோயோடு மருத்துவர் தாராவின் படியேறினார்கள். ஈறு வீங்கியவர்கள், பல் ஆடியவர்கள், சீழ் வடிந்தவர்கள், வாயைப் பொத்தியே சிரித்துப் பழகியவர்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குக் கத்தி வைக்கவில்லை, கிழிக்கவில்லை, தைக்கவில்லை. ஆனாலும் அவர்களின் ஈறு தேறியது, வாய் தேறியது, ரத்தம் தேறியது! ஆம், ரத்தமும் தேறியது. அது எப்படி என்பதைச் சொல்லத்தான் என்னை மேடையேற்றியிருக்கிறார்கள்.

அதைச் சொல்ல வேண்டுமானால் என் முட்டாள்தனத்தைச் சொல்ல வேண்டும். சொல்கிறேன். ஊரறியச் செய்த தவறை ஊரறியத்தானே ஒப்புக்கொள்ள வேண்டும்?

என் துணைவியார் பார்வதம்மாவை உங்களுக்குத் தெரியும். பதினெட்டு ஆண்டுகள் அதிகாலை ரயிலில் பெங்களூருக்குப் போய், தையல் ஆலையில் நின்றபடியே வேலை பார்த்தவர். அந்த நிற்றல் அவருடைய வலது முழங்காலைத் தின்றுவிட்டது. இரண்டு ஆண்டுகள் நாற்காலியே கதி. சுரங்கக் குடியிருப்பான எங்கள் ஸ்கெலட்டன் லைன் வீட்டிலிருந்து பொதுக் கழிப்பறைக்கு நூற்றுப் பத்துத் தப்படி. நமக்கு அது ஒரு தூரமா? அவருக்கு அது ஒரு யுகம்! போகவும் முடியாது, போகாமல் இருக்கவும் முடியாது. அதனால் என்ன செய்தார் தெரியுமா? தண்ணீர் குடிப்பதையே நிறுத்திக்கொண்டார். சொம்பை நீட்டினால், "வேணாம்யா, அப்புறம் யார் நடக்கிறது?" என்பார். தாய்மார்களே, தாகத்துக்கு அஞ்சி அல்ல, தண்ணீருக்கு அஞ்சி வாழ்ந்தாள் ஒரு பெண்! அதைப் பார்த்துக்கொண்டு நான் இருந்தேன்.

முழங்கால் மாற்று அறுவை சிகிச்சைதான் வழி என்றார்கள். கோலாரில் பெரிய மருத்துவமனை, பெரிய மருத்துவர், நாளும் குறித்தாகிவிட்டது. பையைக் கட்டிக்கொண்டு போனோம். ரத்தம் எடுத்தார்கள். மறுநாள் மருத்துவர் வந்தார், காகிதத்தைப் பார்த்தார், தலையை ஆட்டினார். "ஈக பேடா. இப்ப வேணாம், ஊருக்குப் போங்க" என்றார்.

ஏன்? சி.ஆர்.பி. என்று ஓர் அளவு. உடம்பில் எங்காவது அழற்சி மூண்டால் கல்லீரல் அந்தப் புரதத்தை அதிகமாகச் சுரக்கும், அது ரத்தத்தில் ஏறும். பத்துக்குக் கீழே இருக்க வேண்டியது பார்வதம்மாவுக்குப் பதினாறு. "எங்கேயோ கிருமி இருக்கு. அது எங்கேன்னு தெரியாம நான் உள்ளே உலோக மூட்டு வெச்சா, அந்தக் கிருமி ரத்தத்துல வந்து அங்கேயே குடியேறிடும். அப்புறம் காலே போயிடும்" என்றார் அவர். நியாயமான மனிதர். ஆறு வாரம் கழித்துப் போனோம். மறுபடியும் பதினாறு. மறுபடியும் திரும்பினோம்.

என் வயதுக்காரர்களே, நம் சுரங்கத்துச் சைரன் நினைவிருக்கிறதா? நேரமில்லாத நேரத்தில் அது அலறினால் கீழே விபத்து என்று தெரியும். எந்த ஷாஃப்ட், எந்த லெவல் என்று தெரியுமா? தெரியாது! ஓடிப்போய்த் தேட வேண்டும். இந்த சி.ஆர்.பி.யும் அதே வேலையைத்தான் செய்கிறது. அலறும், இடம் சொல்லாது. மருத்துவர்கள் தேடினார்கள். நெஞ்சைப் படம் எடுத்தார்கள், சளியைச் சோதித்தார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். எல்லாம் சுத்தம். இடம் அகப்படவில்லை.

ஆனால் இந்தச் சின்னப்பாவுக்கு அகப்பட்டுவிட்டது! சோதனை எதற்கு? சாதனம் எதற்கு? தங்கவயலில் பிறந்தவனுக்கு நோய் என்றால் ஒரே காரணம்தானே தெரியும்? தூசு! மூச்சு வாங்கினால் தூசு, முடி கொட்டினால் தூசு, மருமகள் முகத்தைத் திருப்பினாலும் தூசு! சிரிக்காதீர்கள், உங்கள் வீட்டிலும் இதே பேச்சுதான். "அந்தச் சுரங்கக் கழிவு மண்மேட்டுத் தூசுதான் என் மனைவியின் ரத்தத்தில் ஏறியிருக்கிறது" என்று முடிவு கட்டினேன். என் மகன் வேந்தன் கெஞ்சினான். "நைனா, நெஞ்சுப் படம் கிளியரா கீது. டாக்டரே சொல்லிட்டாரு. இன்னாத்துக்கு மைக் புடிக்கிற?" என்றான். கேட்டேனா? மைக் என்றால் எனக்குக் காது கேட்காது.

இதே ஆண்டர்சன்பேட்டைக் கடைவீதியில், உமேஷ் கடை எதிரில், கறுப்புக் கொடியோடு கூட்டம் போட்டேன். ஒரு கையில் ஒலிவாங்கி, மறு கையில் ரத்தச் சோதனைக் காகிதம். பக்கத்தில் நாற்காலியில் பார்வதம்மா, என் வாதத்துக்குச் சாட்சியாக. இரண்டு மணி நேரம் பேசினேன். "சுரங்க நிர்வாகமே, இந்தப் பதினாறுக்குப் பதில் சொல்! பாழ்பட்ட பாட்டாளிக்குப் பதில் சொல்!" என்று முழங்கினேன். கைதட்டல் என்றால் அப்படி ஒரு கைதட்டல். தட்டியவர்கள் பாதிப் பேர் இங்கே இருக்கிறீர்கள். முகத்தை ஏன் திருப்புகிறீர்கள்?

இரண்டு மணி நேரம் உட்கார்ந்தவருக்குப் பசிக்காதா? தம்பி உமேஷ் ஒரு பன் கொண்டுவந்து பார்வதம்மா கையில் கொடுத்தார். அவர் ஒரு கடி கடித்தார். வெள்ளைப் பன்னில் சிவப்பாக ரத்தம்! நான் பார்க்கவில்லை, ஊர் பார்க்கவில்லை. கூட்டத்தில் நின்றிருந்த லதா பார்த்துவிட்டாள். நேராக வந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"பெரிப்பா, மைக்கைக் கொஞ்சம் கீழ வைங்க. பெரிம்மா வாய்ல ரத்தம் வருது" என்றாள்.

நான் பதறிப்போய்த் திரும்பினேன். பார்வதம்மா பன்னை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டார். "ஒண்ணும் இல்லம்மா. அது பத்து வருஷமா வருது" என்றார்.

பத்து வருடம்! முப்பத்தெட்டு ஆண்டுகள் ஒரே கூரையின் கீழே வாழ்ந்தவன் நான். எனக்குத் தெரியாது! "ஏம்மே, எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றேன். அதற்கு அவர் சொன்ன பதிலை நீங்கள் கேட்க வேண்டும். "எங்க அப்பா தூசு புடிச்சி ரத்தமா துப்பித்தான் செத்தாரு. வாய்ல ரத்தம்னா இந்த ஊர்ல இன்னா பேசுவாங்கன்னு உனக்குத் தெரியாதா? எனக்கும் அதான்னு நெனச்சேன். ஒளிச்சி வெச்சேன், முழுங்கிட்டேன். பிரஷ்ஷு போட்டா நெறையா வருதுன்னு பிரஷ்ஷையே தூக்கிப் போட்டுட்டேன்" என்றார்.

பெரியோர்களே! தூசு என்று நான் கத்தினேன். தூசு என்று அவள் ஒளித்தாள். இரண்டு பேரும் நெஞ்சையே பார்த்தோம். நெஞ்சுக்கு ஒரு சாண் மேலே, உதட்டுக்குப் பின்னால், ஈறு அழுகிக்கொண்டிருந்தது! வேறு எந்த ஊரிலாவது இந்தத் தவறு நடக்குமா? வாயில் ரத்தம் வந்தால் மற்ற ஊரில் பற்பசையை மாற்றுவார்கள். நம் ஊரில்தான் சுடுகாட்டை நினைப்பார்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தூசுக்கு நான் மன்னிப்பு வழங்கவில்லை. தூசு தின்ற உயிர்களுக்கு நியாயம் கேட்கும் போராட்டம் தொடரும், தொடர்ந்தே தீரும்! ஆனால் அந்தப் பதினாறு தூசின் குற்றம் அல்ல. பழி போட வேண்டிய இடத்தில்தான் பழி போட வேண்டும்.

மறுநாளே மருத்துவர் தாராவிடம் போனோம். மெல்லிய அளவுக் கம்பி ஒன்றைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே இறக்கி, ஒவ்வொரு பல்லாய் அளந்தார். மூன்று மில்லிமீட்டர் வரை இருந்தால் கவலை இல்லையாம். அவர் சொல்லச் சொல்ல லதா எழுதினாள். ஆறு, ஏழு, ஐந்து, எட்டு, எட்டு, ஒன்பது! வாய் முழுக்கப் பள்ளம், பள்ளம் முழுக்கக் கிருமி. அவருக்கு இருந்த சர்க்கரை நோயும் சேர்ந்து அதை வளர்த்திருக்கிறது. எனக்குப் பொறுக்கவில்லை. "எல்லாத்தையும் புடுங்கிடுங்கம்மா. பல் போனா போவட்டும், கால் வரட்டும்" என்றேன்.

அந்தப் பெண் அமைதியாகச் சொன்னார்: "ஐயா, பிடுங்கறது கடைசி வேலை. முதல் வேலை சுத்தம் பண்றது. மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்கு அடியில வேர் வரைக்கும் கெட்டியா படிஞ்ச காரையை எடுத்துடுவேன். நாலு தடவை வரணும். காப்பாத்த முடியாத பல் ரெண்டு இருக்கு, அதை மட்டும் எடுப்பேன். பாக்கி எல்லாம் நிக்கலாம். ஆனா வீட்ல தினமும் ரெண்டு வேளை பிரஷ், பல் இடுக்குல சின்ன பிரஷ், சர்க்கரைக்கு மாத்திரை. மூணு மாசம் கழிச்சு ரத்தம் பாக்கலாம். குறையும்னு வாக்குக் கொடுக்க மாட்டேன். குறையறதுக்கு நல்ல வாய்ப்பு இருக்குன்னு மட்டும் சொல்றேன்."

வாக்குக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லும் ஒருவரை என் மேடை வாழ்க்கையில் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்! எங்களுக்கு அது பழக்கமில்லை.

முதல் தடவை முடிந்தது. இரண்டாம் தடவை முடிந்தது. வீக்கம் வற்றியது, ரத்தம் நின்றது. ஆனால் ஒரு காலையில் பார்வதம்மா கண்ணாடியைப் பார்த்து ஓவென்று அழுதார். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே சந்து! முன்பல் முன்னைவிட அதிகமாக ஆடுகிறது! லைன் முழுக்கச் செய்தி பறந்தது. "மிஷின் வெச்சி ஆட்டிட்டாங்க, வேரே கழண்டுடுச்சி" என்று ஆளாளுக்குத் தீர்ப்பு எழுதினார்கள். இனிமேல் அந்தப் படி ஏற மாட்டேன் என்றார் பார்வதம்மா. எனக்கா? ரத்தம் கொதித்தது. வேட்டியை மடித்துக் கட்டினேன், நேராக மருத்துவர் தாராவின் மருத்துவமனைக்குள் நுழைந்தேன். காத்திருந்த நோயாளிகளை அவையாக்கி, அங்கேயே ஒரு கண்டனக் கூட்டம் தொடங்கினேன்!

மருத்துவர் தாரா என்னை முழுதாகப் பேசவிட்டார். நான் மூச்சு வாங்கிய இடைவெளியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நீங்க நந்திதுர்க் சுரங்கத்துல மரத்தூண் நிறுத்தற டிம்பர்மேனா இருந்தீங்கதானே? மேல இருந்து கல்லும் மண்ணும் சரிஞ்சு, மரத்தூணைச் சுத்தி அடைச்சிக்கினு நிக்குது. தூண் ஆடல. அந்தத் தூண் கெட்டியா இருக்குன்னு கையெழுத்துப் போடுவீங்களா?"

"போட மாட்டேம்மா" என்றேன். ஏனென்றால் இருபத்திரண்டு ஆண்டுகள் நான் செய்த வேலையே அதுதானே! சரிந்த கல் தூணைத் தாங்காது. அதை வாரி வெளியே தள்ளிவிட்டுத்தான் தூணின் உண்மை நிலையைப் பார்க்க வேண்டும். அள்ளியதும் தூண் ஆடுகிறதே என்று அள்ளியவனை அடிப்பவன் டிம்பர்மேனா? "காரைதான் பல்லைப் பிடிச்சிக்கினு இருந்துது. அதை எடுத்துட்டோம், வீக்கமும் வத்திடுச்சு, அதான் சந்து தெரியுது. ஈறு இறுகட்டும், ஆட்டம் குறையும்" என்றார் அவர். அத்தனை பேர் முன்னிலையில், மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டேன். வீட்டுக்குப் போய், பார்வதம்மாவின் கையைப் பிடித்து, மூன்றாம் தடவைக்கும் நான்காம் தடவைக்கும் நானே அழைத்து வந்தேன். எதிர்த்துப் பேசியவர்களுக்கு நானே பதில் சொன்னேன். எப்படிச் சொல்லியிருப்பேன் என்று உங்களுக்குத் தெரியும்.

அதன்பிறகு மூன்று மாதம். காலையில் பிரஷ், மாலையில் பிரஷ். இடுக்குக்குள் அந்தச் சின்னப் பிரஷ் நுழைய மறுத்தால் எனக்கு வசவு. "கண்ணாடியை நேராப் புடியா! இன்னா மேடைன்னு நெனச்சி ஆடிக்கினு நிக்கிற?" மைக் பிடித்த கை, முகம் பார்க்கும் கண்ணாடி பிடித்தது. பெருமையோடு சொல்கிறேன், பிடித்தது!

சோதனை நாள் வந்தது. ரத்தம் கொடுத்துவிட்டு வந்தோம். முடிவு வேந்தனின் கைபேசிக்கு வரும் என்றார்கள். அவன் ரயிலில். நான் வாசலுக்கும் அடுப்படிக்குமாய் நடக்கிறேன். பார்வதம்மா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். கைபேசி அடித்தது.

"நைனா, மூணு புள்ளி எட்டு."

"பதிமூணா?"

"அய்யே, மூணு நைனா! மூணு புள்ளி எட்டு! மூணு மாசச் சராசரிச் சர்க்கரையும் எட்டரையில இருந்து ஏழரைக்கு வந்துடுச்சி!"

எட்டுத் திக்கும் கேட்கச் சொல்கிறேன், பதினாறு எங்கே, மூன்று புள்ளி எட்டு எங்கே! கத்தி இன்றி, கட்டு இன்றி, கழுவிய ஈறால், கருத்தான பிரஷ்ஷால் வந்த வெற்றி! கடைவீதியில் நான் இரண்டு மணி நேரம் கத்தியும் இறங்காத எண், ஒரு பெண்ணின் கைக்கருவி தொட்டதும் இறங்கிவிட்டது. எல்லாருக்கும் இப்படியே இறங்குமா என்றால், இல்லை, அலறலுக்கு வேறு காரணமும் இருக்கும் என்று மருத்துவர் தாராவே சொல்லச் சொல்லியிருக்கிறார். சொல்லிவிட்டேன் அம்மா. ஆனால் பார்வதம்மாவுக்கு இறங்கியது! கோலார் மருத்துவர் காகிதத்தைப் பார்த்தார், இந்த முறை தலையை வேறு விதமாக ஆட்டினார். "ஆயிது, மாடோணா" என்றார். ஆகிவிட்டது, செய்துவிடலாம்! நான்கு மாதங்களுக்கு முன்னால் புது மூட்டு உள்ளே போனது.

என் மக்களே, இப்போது கேளுங்கள். இருமினால் ரத்தம் வருகிறதா? நெஞ்சு மருத்துவரிடம் ஓடுங்கள். பல் துலக்கினால் ரத்தம் வருகிறதா? ஈறு மருத்துவரிடம் ஓடுங்கள். எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லையா? இரண்டு பேரிடமும் ஓடுங்கள்! ஒளிக்காதீர்கள். முந்தானையில் ஒளிக்காதீர்கள், முழுங்காதீர்கள். ரத்தம் வருவது வெட்கம் அல்ல, ரத்தத்தை மறைக்க வைத்த நம் நாக்குதான் வெட்கம். "அவ ரத்தம் துப்புறாளாம்" என்று குழாயடியில் ஒரு வாய் பேசாமல் இருந்திருந்தால், என் வீட்டில் ஒருத்தி பத்து ஆண்டுகள் பயந்திருக்க மாட்டாள். இன்று நூற்றுப் பன்னிரண்டு. அடுத்த ஆண்டு இந்த எண்ணிக்கை ஆயிரம் ஆக வேண்டும். ஆகுமா? சத்தம் போதாது. ஆகுமா? அப்படிச் சொல்லுங்கள்!

இந்த நேரத்தில் அந்த வெற்றிச் செல்வியை, தாய்மார்கள் வரிசையில் அமர்ந்திருக்கும் என் பார்வதம்மாவை, எழுந்து நின்று உங்களுக்கு முகம் காட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன். எழும்மா. என்ன? என்ன சொல்கிறார்? ஒலிவாங்கியை அங்கே கொடுங்கள்.

"இன்னாயா, இன்னும் எவ்ளோ நேரம் பேசுவ? ரெண்டு சொம்பு தண்ணி குடிச்சிட்டு வந்து உக்காந்துக்கினு கீறேன். நான் வீட்டுக்குப் போறேன், நீ பேசி முடிச்சிட்டு வா."

போகிறார்! பாருங்கள், எழுந்துவிட்டார்! தம்பி, வழி விடு. கை கொடுக்காதே, யாரும் கை கொடுக்காதீர்கள், அவருக்குத் தேவையில்லை. நாற்பது ஆண்டுகளில், நான் பேசும்போது பாதியில் எழுந்து போன ஒருவரையும் நான் சும்மா விட்டதில்லை. பெயர் சொல்லி நிறுத்தியிருக்கிறேன், பெரிய மனிதர்களையே உட்கார வைத்திருக்கிறேன். இன்று சொல்கிறேன்: போ பார்வதம்மா, போ! தண்ணீர் குடித்துவிட்டுப் போ, தடி இல்லாமல் போ, என் பேச்சை மிதித்துக்கொண்டு போ! தோழர்களே, எனக்கு இதுவரை தட்டிய கைதட்டலை எல்லாம் சேர்த்து அந்தக் காலடிக்குத் தட்டுங்கள்!

தலைவர் கடிகாரத்தை எடுத்து எனக்கு நேராக நீட்டுகிறார். முடித்துவிட்டேன் ஐயா. மருத்துவர் தாராவுக்கும் மகள் லதாவுக்கும், பொறுத்துக் கேட்ட உங்களுக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. எல்லோருக்கும் வணக்கம். நான் வருகிறேன், அவர் என்னைவிட வேகமாக நடக்கிறார்.